கைப்பிரதியும் கைப்பணமும்

நமது விமர்சகர்கள் பொதுவாக அச்சேறிய நூலிலிருந்தே தம் வேலையைத் தொடங்குகின்றனர். நூலின் உள்ளடக்கம் யாது, உருவம் யாது, எந்த வர்க்கத்தின் குரல் அதில் ஒலிக்கின்றது என்றெல்லாம் ஆராய்கின்றனர். அவை ஆராயவேண்டியவையே. ஆயின் ஒரு கைப்பிரதி எழுத்தாளனின் மேசையிலிருந்து புறப்பட்டு வாசகனின் கையை அடையும் வரையில் யார் யாரிடம் அகப்படுகின்றது, அவர்கள் அதற்கு என்ன செய்கின்றனர், யாருடைய பணம் யாருடைய பையை நிரப்புகின்றது என்னும் கேள்விகளை நாம் விமர்சனத்துக்குப் புறம்பானவையாகவே கருதி வந்துள்ளோம். இலக்கியமும் ஓர் உற்பத்தியே என்று மேடையில் முழங்கும் நாம், அவ்வுற்பத்தியின் கணக்கேட்டைத் திறந்து பார்க்கக் கூச்சப்படுகின்றோம்.

அக்கணக்கேட்டை ஊரறியத் திறந்து காட்டிய ஆங்கில நாவல் ஒன்று உண்டு. அதன் பெயர் 'அட்லாண்டா நைட்ஸ்'. தரத்தில் அது மிகக் கீழானது. கீழானதாக இருக்கவேண்டும் என்றே எழுதப்பட்டது. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிய 'பப்ளிஷ் அமெரிக்கா' என்னும் நிறுவனம், தான் மரபுவழிப் பதிப்பகம் என்றும், வரும் கைப்பிரதிகளைத் தேர்ந்தே வெளியிடுவதாகவும் சொல்லிவந்தது. அறிவியற் புனைகதை எழுதுவோரின் தரம் தாழ்ந்தது என்றும் அது இழித்துரைத்தது. அத்துறை எழுத்தாளர் ஏறத்தாழ முப்பது பேர், ஜேம்ஸ் மக்டொனால்ட் என்பவரின் ஏற்பாட்டில் ஒன்றுகூடி, ஆளுக்கோர் அத்தியாயமாக இந்நாவலை எழுதினர்.

இரண்டு அத்தியாயங்கள் சொல்லுக்குச் சொல் ஒன்றே. ஓர் அத்தியாயம் இல்லவே இல்லை. இன்னொன்று, பிற அத்தியாயங்களின் சொற்களைக் கணினியிலிட்டுக் குலுக்கி எடுத்தது. இறந்துபோன பாத்திரங்கள் காரணமேயின்றி மீண்டும் வந்து நடமாடுகின்றன. ஆசிரியராகப் போடப்பட்ட ட்ராவிஸ் டீ என்ற பெயரை விரைவாக உச்சரித்தால், கேலிக்கூத்து எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். 2004 டிசம்பரில் பப்ளிஷ் அமெரிக்கா இந்நாவலை வெளியிட ஏற்றுக்கொண்டது. 2005 ஜனவரியில் எழுத்தாளர்கள் தாமே உண்மையை வெளியிட்ட பின்னரே அந்த ஏற்பு மீளப்பெறப்பட்டது.

இதனை ஒரு வேடிக்கை என்று சிரித்துவிட்டு அப்பாற் செல்வோர் அதன் முக்கியமான பாடத்தை இழந்துவிடுவர். நாவலைத் தொடர்ச்சியாக வாசிக்கும் பாடசாலை மாணவன்கூட ஒரே அத்தியாயம் இருமுறை வருவதைக் கண்டிருப்பான். ஆகவே அதனை ஏற்றவரின் இரசனையைக் குறைகூறுதல் வீண். அவர் வாசிக்கவில்லை; வாசிக்கவேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அந்நிறுவனம் எழுத்தாளரிடம் முன்பணம் கேட்பதில்லை. மாறாக, அடையாளமாக ஒரு டொலரை எழுத்தாளருக்குக் கொடுத்தது. அதன் பின்னர் அவருடைய உறவினர், நண்பர் ஆகியோரின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு வாங்கி, அவருக்கும் அவர்களுக்குமே நூலை விற்றது. முன்பின் அறியாத வாசகன் ஒருவன் கடையில் நின்று புரட்டிப் பார்த்து வாங்குவான் என்பது அவ்வியாபாரத்தின் கணக்கில் இல்லை. இத்தகைய வியாபாரத்தில் கைப்பிரதியை வாசிப்பது வீண்செலவு. திருத்துவது அதனினும் பெருஞ்செலவு. மறுப்பதோ ஒரு வாடிக்கையாளனை இழப்பதாகும்.

சுரண்டலின் அச்சாணி இங்கேயே உள்ளது. பதிப்பகத்தின் வாடிக்கையாளன் வாசகனாயின், வாசகனின் சார்பில் எழுத்தாளனோடு வாதாட ஒருவர் வேண்டும். அவரே செவ்விதாக்கம் செய்பவர். வாடிக்கையாளன் எழுத்தாளனேயாயின், அங்கே வாதத்துக்கு இடமில்லை, முகத்துதிக்கே இடமுண்டு.

இது நேற்று முளைத்த காளானன்று. பதினைந்து புகழ்பெற்ற எழுத்தாளரின் படங்களை விளம்பரத்திற் போட்டுத் தபால்மூலம் எழுத்துக்கலை கற்பிப்பதாகக் கூறிய ஒரு நிறுவனம் 1960களில் அமெரிக்காவிற் கொழித்தது. 'ஃபேமஸ் றைட்டேர்ஸ் ஸ்கூல்' என்பது அதன் பெயர். இடதுசாரி எழுத்தாளரான ஜெசிக்கா மிற்ஃபோர்ட் 1970 ஜூலையில் 'அட்லாண்டிக்' இதழில் எழுதிய கட்டுரையில், அப்புகழாளர் எவரும் மாணவரின் தாள்களைத் தொட்டும் பாராதவர் என்பதை அவர்களிடமிருந்தே கேட்டு வெளிப்படுத்தினார். 1972இல் நிறுவனம் முறிந்தது. ஒரு கட்டுரை ஒரு வியாபாரத்தையே அசைக்கலாம் என்பதற்கு அஃதோர் உதாரணம்.

நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது 'எடிற் இங்க்' என்னும் நிறுவனத்தின் கதை. நியூயோர்க் மாநிலத்தில் இயங்கிய இது, கைப்பிரதிகளைத் திருத்தித் தருவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. எழுத்தாளர் தம் கைப்பிரதியை ஓர் இலக்கிய முகவருக்கு அனுப்புவார். நூலில் உயிருண்டு, ஆயினும் தேர்ந்த கையொன்று திருத்தவேண்டும், இன்ன நிறுவனத்தை நாடுக என்று முகவர் மறுமொழி எழுதுவார். எழுத்தாளர் அங்கே கட்டும் பணத்தில் ஒரு பங்கு முகவருக்குத் திரும்பி வந்துவிடும். மருந்துக்கடைக்காரரிடம் தரகு வாங்கும் வைத்தியர் எழுதும் சீட்டைப் போன்றதே அம்மறுமொழி. 1990களின் பிற்பகுதியில் மாநிலச் சட்டமா அதிபர் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற பின்னரே வெளியுலகம் உண்மையை முழுமையாக அறிந்தது.

இவை மூலையில் ஒளிந்திருக்கும் சிறு கள்வரின் செயல்கள் என்று எண்ணிவிடவும் இயலாது. எழுத்தாளரிடம் பணம்பெற்று நூல் வெளியிடும் 'ஓதர் சொலூஷன்ஸ்' நிறுவனம் பற்றி எழுத்தாளர் பலர் கண்டனக்குரல் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2012இல், பென்குவின் பதிப்பகத்தை உடைமையாகக் கொண்ட பியர்சன் குழுமம் 11 கோடி 60 இலட்சம் டொலருக்கு அதனை வாங்கியது. 2015இன் இறுதியிலேயே அது கைமாறியது. தேர்ந்தெடுத்து வெளியிடும் மதிப்பும், தேராது பணம்பெறும் இலாபமும் ஒரே முதலாளியின் இரு பைகளாயின. 2025 ஜனவரியில் அமெரிக்க அரச வழக்குத்தொடுநர் வெளியிட்ட குற்றப்பத்திரமொன்று, கலிபோர்னியாவையும் பிலிப்பைன்ஸையும் இணைத்து இயங்கிய ஒரு நிறுவனத்தார், பெரும் பதிப்பகங்களும் திரைப்பட நிறுவனங்களும் விரும்புவதாகப் பொய்கூறி, 800க்கு மேற்பட்ட எழுத்தாளரிடம் 4 கோடி 40 இலட்சம் டொலர் பறித்ததாகக் குற்றஞ்சாட்டுகின்றது. பணமிழந்தோரிற் பலர் முதியவர் என்பதும் கவனிக்கத்தக்கது. வாழ்நாள் முழுவதும் உழைத்து, ஓய்வுகாலத்தில் தம் அனுபவத்தை எழுதிவைக்க விரும்பிய மனிதரின் சேமிப்பே இவ்வாறு இலக்காகின்றது.

இனி, உண்மையான செவ்விதாக்கம் எத்தகையது என்பதையும் ஓர் உதாரணத்தாற் காண்போம். ஹார்ப்பர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி 1957இல் லிப்பின்கொற் பதிப்பகத்துக்குக் கொடுத்த கைப்பிரதி, வளர்ந்த பெண்ணொருத்தி தன் சொந்த ஊருக்குத் திரும்பிவரும் கதை. அப்பதிப்பகத்தின் செவ்விதாக்குநரான ரே ஹோஹொஃப் அம்மையார் அதனை வாசித்து, அக்கதையின் உயிர் அப்பெண்ணின் குழந்தைப்பருவ நினைவுகளிலேயே உள்ளது என்று கண்டார். சிறுமியின் பார்வையில் அதனை மீண்டும் எழுதும்படி வற்புறுத்தினார். இரண்டாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் பின்னர், 1960இல், 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' வெளிவந்தது. பழைய கைப்பிரதி 2015இல் தனிநூலாக அச்சேறியதால், இரண்டையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கும் வாய்ப்பு இன்று நமக்குண்டு. நிற ஒடுக்குமுறை பற்றி வளர்ந்தோர் நடத்தும் நீண்ட தர்க்கங்கள் முன்னையதிற் கனக்கின்றன. பின்னையதில் அதே அநீதி, நீதிமன்றத்தின் மாடத்திலிருந்து எட்டிப்பார்க்கும் குழந்தையின் கண்ணில் விழுகின்றது. ஒரு சொல்லையும் தாம் எழுதாமல், எழுத்தாளரைக் கொண்டே அவருடைய சிறந்த நூலை எழுதுவித்தார் செவ்விதாக்குநர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது பதிப்பகம். எழுத்தாளர் அதற்கென ஒரு சதமும் கொடுக்கவில்லை.

இத்தகைய வாசிப்பு மேல்நாட்டாரின் தனியுடைமையன்று. தொல்காப்பியத்தின் சிறப்புப்பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானின் ஆய்வுக்கு உட்பட்டு அரங்கேறியதாகக் கூறுகின்றது. வரலாறு எதுவாயினும், அம்மரபு உணர்த்தும் கருத்துத் தெளிவானது: தடை எழுப்பும் ஆசான் ஒருவனுக்கு விடை கூறிய பின்னரே ஒரு நூல் உலகுக்கு உரியதாகும். அதே தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சேனாவரையருரையோடு 1868இல் அச்சேறியபோது, பதிப்பித்தவர் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பரிசோதித்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பிள்ளையவர்களும் பெரும்புலவரே. எனினும் இன்னொருவரின் கண்ணுக்குத் தம் வேலையை உட்படுத்துவதை அவர் இழிவாகக் கருதவில்லை.

இன்றைய நூல் வெளியீட்டு விழா அரங்கேற்றத்தின் வழித்தோன்றல் என்பர். மங்கல விளக்கும், வாழ்த்துரையும், முதற்பிரதி பெறுதலும், பொன்னாடையும் எல்லாம் உண்டு. தடையும் விடையும் மாத்திரம் இல்லை. பழைய அரங்கேற்றத்திலிருந்து சாத்துகவியை எடுத்துக்கொண்டு ஆசானை வெளியே நிறுத்திவிட்டோம். முகத்துதியை விலைக்கு விற்பவன் நம்மிடையே கடைவிரிக்க வசதியான நிலம் இதுவே.

ஈழத்து எழுத்தாளனின் நிலையை இங்கே தெளிவாகக் கூறவேண்டும். பணம் எப்பொழுதும் எழுத்தாளனை நோக்கியே வரவேண்டும் என்று மக்டொனால்ட் ஒரு விதி வகுத்தார். பதிப்புத்துறை பெருந்தொழிலாக வளர்ந்த நாட்டுக்கு அவ்விதி பொருந்தும். நம் நாட்டிலோ எழுத்தாளருட் பெரும்பாலோர் நகையை அடகுவைத்தும், சீட்டுப்பணத்தை எடுத்தும் தாமே நூலை அச்சிடுகின்றனர். ஐந்நூறு பிரதிகளை அச்சிட்டு, நண்பர் மூலமும் நூலகங்கள் மூலமும் விற்கின்றனர். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. நமது முற்போக்கு இலக்கியத்தின் கணிசமான பகுதி இவ்வழியாகவே பிழைத்து வந்துள்ளது. ஆகவே அமெரிக்க விதியை அப்படியே பெயர்த்து நடாது, நமக்கேற்ற உரைகல் ஒன்றைத் தேடவேண்டும்.

அச்சகத்தார் தாளுக்கும் மைக்கும் கட்டுவேலைக்கும் விலைப்பட்டியல் தருகின்றார். அவர் உழைப்பை விற்கின்றார். இத்தனை பக்கத்தை இன்ன அளவுக்குத் திருத்தித்தர இவ்வளவு கூலி என்று கேட்கும் செவ்விதாக்குநரும் உழைப்பையே விற்கின்றார். அவ்வுழைப்புக்கு நியாயமான கூலி கொடுப்பது நம் கடமை. ஆசிரியர் என்றும் நண்பர் என்றும் சொல்லி ஒருவரின் பல இரவுகளை இலவசமாகப் பெற்றுக்கொள்வதும் சுரண்டலே. மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் தம்மைப் பதிப்பாளர் என்பார். உங்கள் நூல் தேர்வு பெற்றது என்பார். அதன் பின்னரே பணம் கேட்பார். அவர் விற்பது நம்பிக்கை. உழைப்பை விற்பவனுக்கும் நம்பிக்கையை விற்பவனுக்கும் உள்ள இவ்வேறுபாடே நமது உரைகல்.

முன்னர் என்னிடம் படித்தவரும் இப்பொழுது தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருப்பவருமான இளைஞர் ஒருவர், சென்ற ஆண்டு தம் நாவற் கைப்பிரதியோடு ஒரு கடிதத்தையும் கொண்டுவந்து காட்டினார். எழுதிய நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. "சேர், இவங்க என் நாவலை முழுசா வாசிச்சிருப்பாங்களா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. கடிதத்தை ஓர் இலக்கியப் பிரதியாகவே எடுத்து இருவரும் வாசித்தோம். 'சர்வதேசத் தரம்', 'மண்வாசனை', 'காலத்தின் தேவை' என்ற தொடர்கள் இருந்தன. ஒரு பாத்திரத்தின் பெயரில்லை. ஒரு நிகழ்ச்சி பற்றிய குறிப்பில்லை. ஒரு குறையும் சொல்லப்படவில்லை. சமையற் குறிப்பு நூலொன்றின் ஆசிரியருக்கும் அதே கடிதத்தை அனுப்பியிருக்கலாம். இணைக்கப்பட்ட ஒப்பந்தம் மட்டும் மிகத் துல்லியமாக இருந்தது: அவருடைய ஐந்து மாதச் சம்பளத்தை விஞ்சிய தொகை, அவரே விலைகொடுத்து வாங்கவேண்டிய இருநூறு பிரதிகள், பதிப்புரிமை முழுவதும் நிறுவனத்துக்கு.

அவருடைய நாவலில் மூன்றாம் அத்தியாயம் நம் இலக்கியத்துக்குப் புதிது. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது, சாக்குக்கென்றும் தண்ணீருக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களை மனத்திலேயே கூட்டிக்கொண்டு நிற்கும் ஒரு தாயை அவர் அங்கே படைத்திருந்தார். முதலிரண்டு அத்தியாயங்களோ வரலாற்றுச் சொற்பொழிவு. இவ்வேறுபாட்டை அவரிடம் எடுத்துச்சொல்ல மூன்று ஆசிரியர்களுக்கு நான்கு வார இறுதிகள் தேவைப்பட்டன. அவர் அந்நிறுவனத்துக்குப் பணம் கட்டவில்லை. நாவலை அத்தாயிலிருந்து தொடங்கி மீண்டும் எழுதிக்கொண்டிருக்கின்றார். அக்கைப்பிரதி பணம் கட்டப்பட்டு அப்படியே அச்சேறியிருந்தால், அவருடைய சேமிப்போடு அந்தத் தாயையும் நாம் இழந்திருப்போம். முதலிரண்டு அத்தியாயங்களைக் கடந்து வாசகன் அவளிடம் போயிருக்கமாட்டான்.

ஆகவே கைப்பிரதியோடு நிற்கும் இளைஞருக்குச் சில செய்திகளை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். முதலில், தமக்கு எவ்வகை உதவி தேவை என்பதை அவர் அறியவேண்டும். கதையின் அமைப்பை ஆராய்ந்து, எதை நீக்குவது, எதை விரிப்பது என்று கூறுவது ஒருவேலை. வாக்கியங்களைச் சீர்ப்படுத்துவது வேறொரு வேலை. எழுத்துப்பிழை, சந்திப்பிழை களைந்து மெய்ப்புப் பார்ப்பது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் திறமை வேறு, காலம் வேறு, கூலியும் வேறு. மெய்ப்பு மாத்திரம் பார்த்துவிட்டு முதல்வேலைக்குரிய பணத்தைப் பெறுவதே இத்துறையில் எளிய ஏமாற்று.

இரண்டாவதாக, பணம் கொடுக்குமுன் சில பக்கங்களைத் திருத்திக் காட்டும்படி கேட்கவேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் கேட்கவேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவுப் பொறியொன்று, பாத்திரப் பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்தே கணப்பொழுதிற் புகழ்மடல் எழுதித் தந்துவிடும். எனவே புகழ்ச்சி எத்துணை நுட்பமானதாயினும் அதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. காரணம் கூறி நம்மோடு வாதாடக்கூடியவரே வேண்டும். அவர் முன்னர்த் திருத்திய நூல்களின் ஆசிரியர் இருவரிடமாவது நேரில் விசாரிக்கவேண்டும்.

மூன்றாவதாக, வேலை, காலம், கூலி, தவணை ஆகிய யாவும் எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுத்தாளனே பிரதிகளை வாங்கவேண்டும் என்ற நிபந்தனை இருப்பின், ஒப்பந்தத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதிப்புரிமையைப் பதிவுசெய்து தருகின்றோம் என்று கூறிப் பணம் கேட்பவருக்கும் ஒரு மறுமொழி உண்டு: இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கம் பிறந்த கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகின்றது; பதிவு தேவையில்லை; ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்மேல் 70 ஆண்டுகளும் அது நிலைக்கும். சர்வதேசத் தர நூல் எண்ணை வழங்குவது தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. எழுத்தாளர் தாமே அதனிடம் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுவோரும் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து மடல் பெறுவோரும், 1998 முதல் இத்தகைய மோசடிகளை அம்பலப்படுத்திவரும் 'றைட்டர் பிவெயார்' என்னும் அமைப்பின் குறிப்புகளை இலவசமாக வாசிக்கலாம். எழுத்தாளரே எச்சரிக்கை என்பதே அப்பெயரின் பொருள்.

இவ்வறிவுரைகளெல்லாம் தனிமனிதனைக் காப்பவை. காரணத்தை நீக்குபவை அல்ல. வாசிப்பவர் இல்லாத எழுத்தாளனே மோசக்காரனின் வாசலுக்குப் போகின்றான். எழுதியதை ஒருவரும் பொருட்படுத்தாத தனிமையில், 'உங்கள் நூலைத் தேர்ந்தெடுத்துள்ளோம்' என்ற ஒரு வரி எவ்வளவு இனிமையானது! அந்த இனிமைக்கே அவன் ஐந்து மாதச் சம்பளத்தைக் கொடுக்கின்றான். அவனைப் பேதை என்று இகழ்வோர் அவனுடைய கைப்பிரதியின் பத்துப் பக்கத்தையாவது வாசித்ததுண்டா?

கூலி கொடுத்துச் செவ்விதாக்குநரை அமர்த்த வசதியற்றவர்களே நம்முட் பலர். அவர்களுக்கு ஆசிரியர் சங்கங்களும், மாணவர் மன்றங்களும், ஊர் வாசிகசாலைகளும் எதற்காக உள்ளன? மாதத்துக்கொருமுறை ஐந்தாறு பேர் கூடி, ஒரு கைப்பிரதியை முன்கூட்டியே வாசித்துவந்து, எழுத்தாளனை அருகில் இருத்தித் தடை எழுப்பட்டும். அவன் விடை கூறட்டும். ஆசிரியர் சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒரு கைப்பிரதிக்கு நேர்மையான செவ்விதாக்குநரின் கூலியைப் பொறுப்பேற்குமாயின், அது பொன்னாடைச் செலவிலும் அதிகமாகாது. சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் திருப்பியனுப்பும் படைப்போடு இரண்டு வரிக் காரணத்தையும் சேர்த்தனுப்பட்டும். 1966இல் தொடங்கிய 'மல்லிகை' போன்ற சஞ்சிகைகள் ஒரு தலைமுறை எழுத்தாளரை வளர்த்தது, அவர்களை வாசித்தவர் இருந்தமையாலேயே.

உழைக்கும் மக்களின் வாழ்வை எழுதுபவன் தன் உழைப்பின் நிறையை அறிய உரிமையுடையவன். அந்த நிறையைப் பொய்யாக ஏற்றிச் சொல்லிப் பணம் பறிப்பவனை அம்பலப்படுத்துவது விமர்சனத்தின் கடமை. சரியாக நிறுத்துச் சொல்ல நாமே முன்வருவதும் அக்கடமையின் மறுபாதியே.